வெளிர் மஞ்சள் கழுத்துப்பட்டை

மதலேனாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் சிங்கப்பூரின் பிடோக் வட்டாரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. பல்லி கத்தினால் பயம். லிஃப்ட் லேசாகக் குலுங்கினால் பயம். அரசாங்க முத்திரை போட்ட உறை ஒன்று தபால்பெட்டியில் கிடந்தால், அதைப் பிரிப்பதற்கு முன்பே மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லி முடித்திருப்பாள். அப்படிப்பட்டவள் ஐம்பத்தேழு வயதில் வலது கண்ணைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு வந்தாள் என்றால் சும்மாவா? கண்புரை. இருபது நிமிஷ வேலை, வலிக்காது என்றார் டாக்டர். வலிக்கவும் இல்லை. அதற்காக அவள் பயந்ததெல்லாம் வீணாகப் போயிற்று. நிஜமாகப் பயப்பட வேண்டிய விஷயம் அவள் வீட்டு இழுப்பறையில் கிடந்தது, அது அவளுக்கு அப்போது தெரியாது.

அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்திரண்டு வருஷமாக ரவிக்கைத்துணிப் பகுதியில் நிற்கிறாள். சேலையின் முந்தானையை மேசைமேல் விரித்தால் போதும். பின்னால் அடுக்கியிருக்கும் முந்நூறு சுருள்களில் பொருத்தமானது எதுவோ அதில் நேரே கை வைப்பாள். அரக்கு, மயில் கழுத்து, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல் நிறம் என்று அவளிடம் நிறங்களுக்குப் பெயர் பஞ்சமே கிடையாது. தீவின் வடகோடி மார்சிலிங்கிலிருந்துகூட அவளைத் தேடிப் பெண்கள் வருவார்கள். உயரம் கம்மி, படிப்பு கம்மி, தைரியம் சுத்தமாகக் கிடையாது. கண் மட்டும் கெட்டி. அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், பாவம்.

அவள் புருஷன் சிலுவைராஜ் கப்பல் பட்டறையில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவர். அறுபத்துமூன்று வயது. மனுஷனுக்குச் சீட்டு கிடையாது, பியர் கிடையாது, ஒரே ஒரு பைத்தியம் உண்டு. நெப்போலியன் காலத்துப் பட்டாளச் சீருடைகள். பிரெஞ்சுக்காரன் தொப்பி, ரஷ்யக்காரன் பூட்ஸ், ஆஸ்திரியாக்காரன் வெள்ளைக் கோட்டு என்று பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட தடித்தடிப் புத்தகங்கள் கூடத்து அலமாரியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முப்பது வருஷம் அவற்றைப் புரட்டியவருக்கு ஒருநாள் கோபம் வந்துவிட்டது. அதே காலத்தில் சென்னை ராஜதானியில் கம்பெனிக்காரனுக்காகச் சிப்பாயாக நின்றவன் நம்ம ஆள்தானே, அவனுக்கு ஏன் இந்தப் புத்தகங்களில் ஓர் ஓரத்தில் அரைப் பக்கம்? தலைப்பாகையை மாற்றச் சொன்னதற்காக வேலூர்க் கோட்டையில் ரத்தம் கொட்டியவனாயிற்றே, அவன் என்ன உடுத்தியிருந்தான் என்று யாருக்குமே அக்கறை இல்லையா? கேட்டுவிட்டு, தானே எழுதி, தானே வரைய உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. நாற்பது முழுப்பக்க வண்ணப் படங்கள் முடிந்தன. பங்குக் கோயில் நண்பர் லியோனல் சிறிதாகப் பதிப்பகம் நடத்துகிறார். அவர் பக்கம் கட்டி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மதலேனாவுக்கு அறுவை நடந்தது அதே வாரத்துச் செவ்வாய்க்கிழமை.

இனி ரகசியத்துக்கு வருகிறேன். சிலுவைராஜுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இரண்டும் ஏதோ ஒரு சாணி நிறமாகத்தான் தெரியும் என்பார். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மரம் வரைந்து வகுப்பே சிரித்தது. பத்தொன்பது வயதில் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போனபோது, நிறக்கோளாறைச் சோதிக்கும் புள்ளிப் படத்தில் எண்ணைப் படிக்கத் தெரியாமல் விழித்ததால் அவரை ஸ்டோரில் போட்டு, மற்றவர்களுக்குச் சீருடை எண்ணிக் கொடுக்க வைத்தார்கள். பைத்தியம் பிடித்ததே அங்கேதான். கல்யாணமான இரண்டாம் மாதம் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயை வரைந்து கோட்டுக்குப் பாசிப்பச்சை தீட்டிக்கொண்டு வந்து மதலேனாவிடம் காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடையிலிருந்து துண்டுத்துணிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள். நீலம் சரியாகச் சொன்னார், மஞ்சள் சரியாகச் சொன்னார், மிச்சமெல்லாம் குளறுபடி. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொங்கோலில் இருக்கும் மகள் அபிகேலுக்குத் தெரியாது, லியோனலுக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் வாய் திறந்ததில்லை.

அன்றிலிருந்து நிறத்தைக் கலப்பது அவள் வேலை, தீட்டுவது அவர் வேலை. பழைய ஐஸ் கட்டித் தட்டில் குழிக்கு ஒரு நிறம். குழியின் ஓரத்தில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுவாள்: கோட்டு, அரக்கு. கழுத்துப்பட்டை, கிளிப்பச்சை. அவர் ஒட்டுத்தாளைப் படித்துவிட்டுத் தூரிகையை முக்குவார். நீலம் மஞ்சளுக்கும் அதே முறைதான், ஒழுங்கு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்காக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. இந்தச் சிப்பாய்களில் கோட்டு எல்லாருக்கும் சிவப்புத்தான். எந்தப் பட்டாளத்துக்காரன் என்று சொல்வது கழுத்துப்பட்டையும் கைமடிப்பும். ஒன்றுக்கு வெளிர் மஞ்சள் என்றால் இன்னொன்றுக்கு வெள்ளை. கழுத்து மாறினால் பட்டாளமே மாறிவிடும். மாதிரித் துணி எதுவும் மிஞ்சவில்லை, பழைய ஆவணங்களில் ‘வெளிர் மஞ்சள்’ என்ற எழுத்து மட்டும்தான் இருக்கிறது. அந்த எழுத்தை நிறமாக்கியது மதலேனாவின் கண்.

புதன்கிழமை காலையில் கண்மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் முதலில் குளியலறையைப் பார்த்து மலைத்துப்போனாள். ஓடெல்லாம் வெள்ளைவெளேர் என்று, லேசாக நீலம்கூடக் கலந்த மாதிரி இருந்தது. நேற்றுவரை அது பழுப்பேறிக் கிடந்ததாக நினைத்து, தேய்த்துத் தேய்த்துக் கை வலித்ததுதான் மிச்சம். கூடத்துச் சுவர் வெள்ளை. சிலுவைராஜின் பனியன் வெள்ளை. அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஆசைப்பட்டு இழுப்பறையைத் திறந்து படங்களை எடுத்தாள். அத்தனை வருஷ உழைப்பைப் புதுக் கண்ணால் பார்க்கலாமே என்ற ஆசைதான், வேறென்ன. முப்பத்திரண்டாவது படத்தில் கை நின்றுவிட்டது. வெளிர் மஞ்சள் கழுத்துப்பட்டை என்று கீழே சிலுவைராஜ் பென்சிலில் எழுதியிருந்தார். மேலே சிப்பாயின் கழுத்து வெள்ளையாக இருந்தது. மார்பின் குறுக்கே போகும் வெள்ளைத் தோல்பட்டையும் கழுத்துப்பட்டையும் ஒரே வெள்ளை.

வலது கண்ணைப் பொத்தினாள். இன்னும் புரை எடுக்காத இடது கண்ணுக்குக் கழுத்து வெண்ணெய் நிறத்தில் தெரிந்தது, தோல்பட்டையும் வெண்ணெய் நிறத்தில் தெரிந்தது, தாளும் அப்படியே. இடது கண்ணைப் பொத்தினாள். எல்லாம் வெள்ளை. டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. புரை விழுந்து ரெண்டு வருஷமாவது இருக்கும், இத்தனை நாள் எல்லாவற்றையும் நீங்கள் மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள் என்றார். அறுவை பயத்தில் அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. ரெண்டு வருஷமாக வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டதுமே போதும் போதும் என்று தோன்றியிருக்கிறது அவளுக்கு. நாற்பது படத்தையும் புரட்டினாள். அந்த ரெண்டு வருஷத்தில் தீட்டியவற்றில், மஞ்சள் கழுத்து என்று எழுதிய ஒன்பது படங்களில் கழுத்து வெள்ளை. வாசலில் சாவிச் சத்தம் கேட்டதும் படங்களை உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் சோபாவில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவள் எதற்குப் பயந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். சீருடைப் பைத்தியங்களின் உலகம் உங்களுக்குத் தெரியாது. கைமடிப்பில் ஒரு பொத்தான் குறைந்தால் இணையத்தில் பன்னிரண்டு பத்தி எழுதிக் கிழிப்பார்கள். இப்படி ஒன்பது பட்டாளத்துக்குக் கழுத்தை மாற்றிப் போட்டவரை மனுஷனாகவா மதிப்பார்கள்? இவருக்கு நிறமே தெரியாதா என்று எவனாவது ஒருத்தன் விளையாட்டாகக் கேட்பான். பள்ளிக்கூடத்துச் சிரிப்பை அறுபத்துமூன்று வயதில் மறுபடி கேட்க வேண்டி வரும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த மனுஷன் முப்பத்தொரு வருஷமாக இவள் கண்ணை வேதவாக்காக நம்பியவர். இவள் தட்டில் ஒட்டியதை ஒருநாளும் எதிர்த்துக் கேட்டதில்லை. இனிமேல் அந்த நம்பிக்கை போய்விட்டால் இவளிடம் அவருக்கு என்ன மிச்சம்? இப்படியெல்லாம் நினைத்து நினைத்து, சாயங்காலம் அவர் சொட்டு மருந்து விட வந்தபோது அவள் சோபாவின் ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டாள். கண்ணுக்குத்தான் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டு, தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை, வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, முப்பத்திரண்டாவது படத்தைக் கோப்புறையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். பயந்தாங்கொள்ளிக்கு வந்த தைரியத்தைப் பாருங்கள். தன் புதுக் கண்ணே பொய் சொல்கிறதோ என்று ஒரு நப்பாசை. கடை இருக்கும் தேக்காவில் இறங்கியதும் கடைவாசல் மாலைகளில் செவ்வந்தி அப்படி ஒரு மஞ்சளாக எரிந்தது. அதைப் பார்த்ததுமே நப்பாசை பாதி செத்தது.

கடையில் அவளோடு நிற்கிற நஸீஹாவிடம் படத்தைக் காட்டி, கழுத்து என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளைதான் அக்கா, இதில் என்ன சந்தேகம் என்றாள் அவள். மதலேனா வெளிர் மஞ்சள் சுருளை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். தாளும் துணியும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நஸீஹா சுருளின் ஓரத்தை நீவினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன தீபாவளியிலேர்ந்தே நீங்க எடுத்துக் குடுக்கற க்ரீம், மஞ்சள் எல்லாம் மாறிப் போவுது. பாக்கியலட்சுமி மேடம்கூட திருப்பிக் கொண்டுவந்தாங்க. நான்தான் உங்களுக்குத் தெரியாம மாத்திக் குடுத்துட்டு இருந்தேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? உங்க கண்ணைப் போயி நான் எப்படித் தப்பு சொல்லுவேன்?"

மதலேனாவுக்கு அழுகை வந்தது. அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நஸீஹா பதறினாள். அழாமல் மென்று விழுங்கினாள்.

கடைக்கு வெளியே நின்று லியோனலைப் போனில் கூப்பிட்டாள். சும்மா கேட்கிறமாதிரி, கடைசி நேரத்தில் நிறம் ஏதாவது மாற்ற முடியுமா என்று கேட்டாள். கணினியில் ஐந்து நிமிஷ வேலை, ஆனால் ராஜ் அண்ணன் வந்து ஒவ்வொன்றையும் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தொடுவேன், நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கோப்பு போகிறது என்றார் அவர். போனை வைத்தாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யார் கவனிக்கப் போகிறார்கள்? சிங்கப்பூரில் எத்தனை பேருக்குச் சிப்பாயின் கழுத்து தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். ரயிலில் பிடோக் வரும்வரை அந்த யோசனையோடு மல்லுக்கட்டினாள். ஒன்பது கழுத்துகளும் அவள் கண்முன்னால் வந்து வந்து நின்றன. அந்தச் சிப்பாய்களுக்காகத் தன் புருஷன் எந்தக் கோபத்தில் உட்கார்ந்தாரோ, அதே அநியாயத்தைத்தான் தன் கையும் செய்திருக்கிறது என்று பட்டது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததும் பயம் இரண்டு மடங்காயிற்று.

வீட்டில் சிலுவைராஜ் கையில் சொட்டு மருந்தோடு காத்திருந்தார். எங்கே போனாய் என்று அதட்டினார், தூசி பட்டால் கண் என்னவாகும் என்றார். சோபாவில் மல்லாந்து படுத்தாள். அவர் குனிந்தார். அவர் முகத்தை அத்தனை பக்கத்தில் புதுக் கண்ணால் அவள் அப்போதுதான் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்த மனுஷன் எப்போது இத்தனை வயதானார் என்று தோன்றியது.

"ஏங்க, ஒம்பது படம் தப்பாப் போச்சு," என்றாள்.

மருந்துச் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவர் நிமிர்ந்தார். எந்த ஒன்பது என்று கேட்டார். அவள் எண்களைச் சொன்னாள், தலைகீழ்ப் பாடமாக இருந்தது. மஞ்சள் கழுத்தெல்லாம் வெள்ளையாகிவிட்டது, புரை விழுந்த கண்ணால் கலந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள், உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் கொட்டினாள். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், அவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மருந்துப் புட்டியைக்கூட மூடவில்லை.

"வெள்ளைதானா அது?" என்றார். "நெசமாவே வெள்ளைதானா, லேனா?"

அவளுக்குப் புரியவில்லை. ஆமாம் என்றாள்.

"எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா. தட்டுல மஞ்சள்னு நீ எழுதி ஒட்டியிருந்தே. எனக்கு வெள்ளையாத் தெரியுது. சரி, மஞ்சளும் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

மதலேனா எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்குன்னு இருந்தது மஞ்சளும் நீலமும்தான். இன்னும் கொஞ்ச நாள்ல நீலமும் போயிடும்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். அதான் லியோனலைப் புடிச்சு அவசரப்படுத்தினேன், முழுசாப் போறதுக்குள்ள புத்தகத்தைப் பாத்துடணும்னு."

ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாள். கோளாறு கண் தன்னுடையதாயிற்றே, அவளை எப்படிச் சந்தேகப்படுவது என்றார் அவர். தெருவில் போகிற மஞ்சள் டாக்ஸியும் சந்தையில் வாழைப்பழமும் மஞ்சளாகத் தெரிந்ததைக்கூட, பழைய ஞாபகத்தில் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். இவள் ஒருத்தி இரண்டு நாள் பயத்துக்கே செத்துப் பிழைத்தாளே, அவர் இரண்டு வருஷம் அதைத் தனியாகத் தின்றிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே தட்டின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. பைத்தியக்கார மனுஷா என்று அவர் தோளில் ஓர் அடி அடித்தாள். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்பதையும் மறந்து இருவரும் அழுதார்கள்.

லியோனலுக்குப் போன் போட்டது சிலுவைராஜ்தான். ஒன்பது படங்களைக் கையால் திருத்தித் தரத் திங்கள்வரை தவணை வேண்டும் என்றார். லியோனல் காரணம் கேட்டார். சிலுவைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் பிறவியிலேயே சிவப்பு பச்சை தெரியாது லியோனல், நிறமெல்லாம் என் பெண்சாதி கலந்தது, புத்தகத்தில் அவள் பெயரையும் போட வேண்டும் என்றார். மதலேனா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் ம், ம் என்றார். திங்கள் காலை ஒன்பது மணி, அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாதாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் காலையில் ஜன்னலோரம் வெளிச்சத்தில் மேசையை இழுத்துப் போட்டார்கள். ஒன்பது படங்களும் வரிசையாக. அவள் தட்டின் ஒரு குழியில் வெள்ளையைப் பிதுக்கினாள். ஒட்டுத்தாள் எழுதவில்லை. மஞ்சள் குழாயை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினார். இன்னொரு சொட்டு விட்டார். பழக்கதோஷம், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"போதுமா, லேனா?"

"என்னைக் கேக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியுது?"

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். இன்னும் ஒரு சொட்டு வேண்டும் என்றார். இந்த முறை அவளைப் பார்க்காமலே விட்டார். கலக்கினார். இப்போது மஞ்சள் என்றார், யாரோ அடிக்க வருவதுபோல் தாழ்ந்த குரலில். மதலேனா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். மஞ்சள்தான்.